ஏமாற்றத்தின் கணக்கு: நியூயார்க் மெட்ஸ் அணியும் அதன் பந்துவீச்சாளர்களும்

1971 டிசம்பர் 10 அன்று நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி ஒரு வேகப்பந்து வீச்சாளரையும், அவரோடு மூன்று இளம் வீரர்களையும் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, ஜிம் ஃப்ரெகோசி என்ற உள்வட்ட ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டது. கைமாறிய வீச்சாளருக்கு அப்போது 24 வயது. மெட்ஸுக்காக 29 ஆட்டங்களை வென்று 38 ஆட்டங்களைத் தோற்றிருந்தார். பேஸ்பாலில் ஒரு மட்டையாளருக்கு நான்கு பந்துகள் அடிக்கத் தகுந்த எல்லைக்கு வெளியே போனால், அவர் மட்டையை வீசாமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அந்த ஆண்டு 152 இன்னிங்ஸில் இவர் அப்படி நடத்தி அனுப்பியவர்கள் 116 பேர். கையில் வேகம் இருந்தது, கட்டுப்பாடு இல்லை. மெட்ஸை ஏமாற்றிய வீச்சாளர்கள் என்று அந்த டிசம்பரில் யாராவது பட்டியல் போட்டிருந்தால், இவர் பெயர் முதல் வரிசையில் இருந்திருக்கும்.

அவர் நோலன் ரயன். ஏஞ்சல்ஸுக்குப் போன முதல் ஆண்டிலேயே 329 மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். 46 வயதுவரை ஆடி, மொத்தம் 5,714 ஸ்ட்ரைக் அவுட்களோடு ஓய்வுபெற்றார். இன்றுவரை அதை யாரும் நெருங்கவில்லை. எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடிப்பதை நோ-ஹிட்டர் என்பார்கள். ரயன் அதை ஏழு முறை செய்தார். அவரை விற்ற மெட்ஸ் அணி, தன் முதல் நோ-ஹிட்டரைப் பார்க்க 2012 ஜூன் 1 வரை, அதாவது தன்னுடைய 8,020-வது ஆட்டம்வரை காத்திருந்தது.

மெட்ஸ் ரசிகர்கள் கூடும் இடத்தில் எல்லாம், அணியின் வரலாற்றிலேயே அதிகம் ஏமாற்றிய வீச்சாளர் யார் என்ற பேச்சு ஓயாமல் நடக்கும். பெயர்கள் பெரும்பாலும் மாறுவதில்லை: பில் பல்சிஃபர், பால் வில்சன், ஜேசன் இஸ்ரிங்ஹாசன், ஆந்தனி யங், விக்டர் சம்பிரானோ, ஆலிவர் பெரெஸ், மேட் ஹார்வி. இவர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தால், ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு வழக்குகள் கிடப்பது தெரியும். சிலருக்குக் கை போயிற்று. சிலரைத் தவறான அளவுகோலால் அளந்தார்கள். சிலருக்கு அணி கொடுத்த விலை அதிகம். பெரும்பாலான வழக்குகளில் எதிர்பார்ப்பை வளர்த்ததும், சுமையை ஏற்றியதும், கடைசியில் தீர்ப்பை எழுதியதும் ஒரே தரப்பு. இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க முயல்கிறது.

தோற்றவர்களை நேசித்த ஊர்

தோல்வியும் ஏமாற்றமும் ஒன்றில்லை என்பதற்கு மெட்ஸின் தொடக்கமே சாட்சி. 1962-இல் புதிதாக உருவான அந்த அணி, முதல் ஆண்டில் 40 ஆட்டங்களை வென்று 120 ஆட்டங்களைத் தோற்றது. அதன் முதன்மை வீச்சாளர் ரோஜர் கிரெய்க் முதல் ஆண்டில் 24 தோல்விகளையும், அடுத்த ஆண்டில் 5 வெற்றிகளுக்கு எதிராக 22 தோல்விகளையும் சுமந்தார். அதில் 18 தொடர்ச்சியாக வந்தவை. ஆனாலும் மெட்ஸ் ரசிகர்கள் யாரும் கிரெய்கை ஏமாற்றம் தந்தவர்கள் பட்டியலில் வைப்பதில்லை. அந்தக் கால மெட்ஸைப் பற்றிப் பேசும்போது முதியவர்கள் முகத்தில் சிரிப்புத்தான் வரும். அந்த அணியிடம் யாரும் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை.

1969-இல் எல்லாம் மாறியது. டாம் சீவர், ஜெரி கூஸ்மன் என்ற இளம் வீச்சாளர்களின் தோளில் ஏறி மெட்ஸ், சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரிஸை வென்றது. வீட்டிலேயே வளர்த்த இளம் வீச்சாளர்கள்தாம் நம் சொத்து என்ற எண்ணம் அன்று அந்த அணிக்குள் வேர்விட்டது. 1984-இல் 19 வயது டுவைட் கூடன் வந்து 276 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தபோது அந்த எண்ணம் நம்பிக்கையாகவே உறுதிப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் 24 வெற்றி, 4 தோல்வி. வீச்சாளர் ஒன்பது இன்னிங்ஸுக்குத் தன் பொறுப்பில் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்ற கணக்கில் 4-ஐ ஒட்டியிருப்பது சாதாரணம், 3-க்குக் கீழே போனால் மிகச் சிறப்பு. கூடனின் கணக்கு அந்த ஆண்டில் 1.53.

கூடனுக்கு 22 வயது ஆவதற்குள் அணி அவரை 744 இன்னிங்ஸ் வீசவைத்திருந்தது. 1987-இல் கோக்கைன் பரிசோதனையில் சிக்கி சிகிச்சைக்குப் போனார். 1991-இல் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. 1995 சீசன் முழுவதும் தடையில் கழிந்தது. அவருடைய சரிவுக்குப் போதைதான் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அதில் உண்மை உண்டு. அந்த 744 இன்னிங்ஸும் உண்மைதான். எது எவ்வளவு தின்றது என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மெட்ஸுக்காக 157 ஆட்டங்களை வென்ற அவரது 16-ஆம் எண் சட்டைக்கு 2024-இல் ஓய்வு கொடுத்துக் கௌரவித்தார்கள். ஒரே மனிதரை ஏமாற்றமாகவும் பெருமையாகவும் நினைவுகூர முடியும் என்பதற்கு அவரே எடுத்துக்காட்டு.

மூன்று இளைஞர்கள், 1995

கூடன் விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப அணி தவித்துக்கொண்டிருந்தது. 1993-இல் மெட்ஸ் 103 ஆட்டங்களைத் தோற்றது. 1994-இல் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அந்த ஆண்டின் வேர்ல்டு சீரிஸே ரத்தானது. கோபத்தோடு விலகிப்போன ரசிகர்களைத் திரும்ப அழைக்க அணியிடம் இருந்தது மூன்று பெயர்கள். இடக்கை வீச்சாளர் பல்சிஃபர், அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1991-இல் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். அதே ஆண்டு 44-ஆம் சுற்றில், ஏறக்குறைய யாரும் கவனிக்காத இடத்தில் எடுக்கப்பட்டவர் இஸ்ரிங்ஹாசன். வில்சன் 1994-இல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வானவர். ஆட்டப் பதிவேட்டில் ஸ்ட்ரைக் அவுட்டைக் குறிக்கும் எழுத்தை வைத்து மூவரையும் 'ஜெனரேஷன் கே' என்று அழைத்தார்கள். மூவரும் பெரிய லீகில் தங்களை இன்னும் நிரூபிக்காத நாளிலேயே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர்கள் ஏற்ற சுமையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பல்சிஃபர் 20 வயதில், 1994-இல், பெரிய லீகுக்குக் கீழ்ப்படியான மைனர் லீகில், பிங்ஹாம்டன் ஊரின் அணிக்காக 201 இன்னிங்ஸ் வீசினார். அடுத்த ஆண்டு நார்ஃபோக் மைனர் லீக் அணியில் 91, அங்கிருந்து நேராக மெட்ஸுக்கு வந்து 126. உதிரிகளையும் சேர்த்தால் 218. 1995 ஜூன் 17 அன்று தன் முதல் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே ஹூஸ்டன் அணிக்கு 5 ரன் கொடுத்தார். ஆனால் சீசன் முடிவில் அவரது சராசரி 3.98-க்கு வந்திருந்தது, அறிமுக ஆண்டுக்கு அது கௌரவமான எண். இஸ்ரிங்ஹாசன் அந்த ஆண்டு மூன்று அணிகளில் 41, 87, 93 என்று மொத்தம் 221 இன்னிங்ஸ் வீசினார். மூன்று இடங்களிலும் சேர்த்து 20 வெற்றிகள். மெட்ஸுக்காக மட்டும் 9 வெற்றி, 2 தோல்வி, சராசரி 2.81. வில்சன் இன்னும் மைனர் லீகில்தான் இருந்தார். அவருக்கும் ஏறக்குறைய 187 இன்னிங்ஸ் ஆகியிருந்தது.

அணியின் மேலாளர் டாலஸ் கிரீன் 1980-இல் ஃபிலடெல்ஃபியாவை வேர்ல்டு சீரிஸ் வெற்றிக்கு அழைத்துச் சென்றவர், ஒரு காலத்தில் தாமும் வீச்சாளராக இருந்தவர். இளைஞர்களைக் கண்டிப்பில் வளர்க்க வேண்டும், பாதி ஆட்டத்தில் இறக்கிவிடக் கூடாது என்ற பழைய பள்ளியைச் சேர்ந்தவர். அந்தப் பள்ளியில் அவர் மட்டும் இல்லை. 25 வயதுக்குள் அதிகம் வீசவைத்தால் கை பழுதாகும் என்று கிரெய்க் ரைட் என்ற ஆய்வாளர் 1989-லேயே எழுதியிருந்தார். ஆனால் பெரிய லீக் அணிகளின் முடிவுகளில் அந்த எச்சரிக்கைக்கு அன்று பெரிய இடம் கிடைக்கவில்லை.

1996 வசந்தத்தில் பல்சிஃபரின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. ஏப்ரலில் அறுவைச் சிகிச்சை. அந்த ஆண்டு முழுக்கப் போயிற்று. அதே ஏப்ரலில் வில்சன் மெட்ஸுக்காக இறங்கினார். 5 வெற்றி, 12 தோல்வி, சராசரி 5.38. இஸ்ரிங்ஹாசனுக்கு 6 வெற்றி, 14 தோல்வி. ஆகஸ்டில், இந்த இளைஞர்கள் பெரிய லீகில் ஆடும் பக்குவத்தை இன்னும் அடையவில்லை என்று கிரீன் வெளிப்படையாகவே பேசினார். சில நாளில் அணி அவரை நீக்கிவிட்டு பாபி வாலன்டைனைக் கொண்டுவந்தது. கிரீன் சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனால் பக்குவம் இல்லாதவர்கள் என்று அவர் கண்டுகொண்ட வேளையில் அவர்களுடைய கைகள் ஏற்கெனவே வேலையைச் செய்து முடித்திருந்தன.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். வில்சனுக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை. மெட்ஸுக்காக அவர் மறுபடி ஒரு பந்துகூட வீசவில்லை. 2000-இல் டாம்பா பே அணிக்குப் போனார். பல்சிஃபர் பல அணிகளில் சுற்றி, மொத்தம் 13 வெற்றிகளோடு முடித்தார். பதற்றமும் மனச்சோர்வும் தம்மைப் பிடித்து ஆட்டியதைப் பின்னாளில் அவரே பேசினார். அன்றைய பேஸ்பாலில் அப்படிப் பேச இடமில்லை. இஸ்ரிங்ஹாசன் 1997-இல் ஆத்திரத்தில் ஒரு குப்பைத் தொட்டியைக் குத்தி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதே ஆண்டு காசநோயும் வந்தது. 1998 முழுவதும் முழங்கைச் சிகிச்சையில் கழிந்தது. இதில் குப்பைத் தொட்டி மட்டும்தான் அவருடைய பொறுப்பு.

மூவரும் சேர்ந்து ஒரு தலைமுறை என்று விற்கப்பட்டார்கள். மெட்ஸ் சட்டையில் மூவரும் ஒரே சீசனில் வீசியதே கிடையாது. 1995-இல் வில்சன் இல்லை. 1996-இல் பல்சிஃபர் இல்லை. அதற்குப் பிறகு எந்த ஆண்டிலும் மூவரில் ஒருவருக்கு மேல் பெரிய லீக் மெட்ஸில் இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் 'திறமை போதவில்லை' என்று சொல்லிவிடலாம். 1999-இல் ஓக்லண்ட் அணி இஸ்ரிங்ஹாசனை வாங்கி, ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் மட்டும் இறக்கி முன்னிலையைக் காக்கும் வேலையைக் கொடுத்தது. அந்த வேலையைச் செய்து முடித்தால் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும். பின்பு செயின்ட் லூயிஸ் அணிக்காக 217 சேவ்கள். 2004-இல் மட்டும் 47. வாழ்நாள் கணக்கின் 300-வது 'சேவ்'-ஐ 2011-இல், மறுபடி மெட்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு எடுத்தார். ஆண்டுக்கு 221 இன்னிங்ஸ் தாங்காத கை, 65 இன்னிங்ஸைப் பல ஆண்டுகள் தாங்கியது.

முழங்கைக்குள் என்ன நடக்கிறது

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது; ஓடிவரும் வேகமும் உடம்பின் சுழற்சியும் பந்துக்குச் சேரும். பேஸ்பால் வீச்சாளர் ஓடுவதில்லை. மேட்டின் மேல் நின்ற இடத்திலிருந்து ஓர் எட்டு வைத்து, ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்த முழங்கையைச் சாட்டைபோல் விசிறி, 18.44 மீட்டர் தூரத்துக்குப் பந்தை அனுப்புகிறார். அந்தக் கணத்தில் தோள் சுழலும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 7,000 பாகை. மனித உடல் செய்யும் அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் அது ஒன்று. கை முன்னால் பாயத் தொடங்கும்போது, முழங்கையின் உட்புறத்தில் இரு எலும்புகளைப் பிணைத்திருக்கும் ஒரு சிறு தசைநார் இழுவிசையின் பெரும் பங்கைத் தாங்குகிறது. சுற்றியுள்ள தசைகள் களைத்துவிட்டால் அதன் மேல் விழும் சுமை இன்னும் கூடும்.

1974 வரை அந்தத் தசைநார் அறுந்தால் பிழைப்பு முடிந்தது என்று பொருள். அந்த ஆண்டு செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் வீச்சாளர் டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்தார். இடது முழங்கையின் எலும்புகளில் துளையிட்டு, அவற்றின் வழியே எட்டுப்போல் கோர்த்துக் கட்டினார். தேறுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் ஜோப் கணித்திருந்தார். ஜான் 1976-இல் திரும்பி வந்து, அதற்குப் பிறகு மட்டும் 164 ஆட்டங்களை வென்றார். அந்தச் சிகிச்சைக்கு இன்று அவர் பெயர்தான். பல்சிஃபர், இஸ்ரிங்ஹாசன், ஹார்வி மூவரும் அந்தக் கத்தியின் கீழ் படுத்தவர்கள். ஓர் ஆண்டுக்கு மேல் ஓய்வு, பிறகு படிப்படியாகப் பயிற்சி. இந்த இடைவெளியில் ரசிகர் மனத்தில் எதிர்பார்ப்பு மட்டும் ஓய்வெடுப்பதில்லை.

அளவுகோலின் பிழை

ஆந்தனி யங் 1992 மே 6-இலிருந்து 1993 ஜூலை 24 வரை 27 ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றார். பெரிய லீக் வரலாற்றில் இதற்கு முன் இருந்த மோசமான சாதனை கிளிஃப் கர்ட்டிஸின் 23 தோல்விகள். அது 1911-இல் முடிந்தது. நாடு முழுவதிலுமிருந்து ரசிகர்கள் முயல் கால், நாலிலைத் தழை என்று ராசிப் பொருள்களை யங்குக்கு அனுப்பினார்கள். மெட்ஸின் மோசமான வீச்சாளர்கள் யாரென்று கேட்டால் இன்றும் முதலில் வாயில் வரும் பெயர் இது.

1993-இல் அவருடைய கணக்கு 1 வெற்றி, 16 தோல்வி. அதே ஆண்டு அவருடைய ரன் சராசரி 3.77, அந்த லீகின் பொதுச் சராசரியோ 4.04. சராசரி வீச்சாளரைவிடச் சற்று மேலான ஒருவர் 16 முறை தோற்றிருக்கிறார். அதெப்படி? பேஸ்பாலில் வெற்றியும் தோல்வியும் வீச்சாளர் பெயரில் எழுதப்படுகின்றன. அவருடைய அணி மட்டையைத் தூக்காமல் நின்றாலும், களத்தில் நிற்பவர் பந்தைத் தவறவிட்டு ரன் கொடுத்தாலும், தோல்வி அவர் கணக்குக்கே போகும். அந்த ஆண்டு 103 ஆட்டங்களைத் தோற்ற அணியில் நின்றுதான் யங் வீசினார். தோல்விகள் அடுக்கிக்கொண்டிருந்த அதே 1992-இல், கடைசி இன்னிங்ஸ் வீச்சாளராக 15 சேவ்களும் எடுத்திருந்தார். இடையில் 23 இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ரன்னும் கொடுக்காத ஓட்டம் ஒன்றும் உண்டு.

1993 ஜூலை 28-ஆம் தேதி ஆட்டம் இந்தக் கணக்குமுறை எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும். ஃபுளோரிடா மார்லின்ஸுக்கு எதிராக 3-3 என்று சமனில் இருந்தபோது ஒன்பதாவது இன்னிங்ஸில் யங் இறங்கினார். ஒரு ரன் போயிற்று. 28-வது தோல்வி கண்ணுக்கு எதிரே. கடைசிப் பாதியில் மெட்ஸ் மட்டையாளர்கள் இரண்டு ரன் எடுக்க, எடி மரேயின் அடியில் ஆட்டம் 5-4 என்று முடிந்தது. ரன் கொடுத்த யங் வெற்றி பெற்றவராகப் பதிவானார். 27 முறை அவரைக் கைவிட்ட அதே விதி, சுமாராக வீசிய ஒரு நாளில் அவரைத் தூக்கிவிட்டது.

கால் நூற்றாண்டு கழித்து, 2018-இல், அதே மெட்ஸின் ஜேக்கப் டிக்ராம் 10 வெற்றி, 9 தோல்வி என்ற சாதாரணக் கணக்கோடு சீசனை முடித்தார். அவரது ரன் சராசரி 1.70. சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதில் 30 முதலிட வாக்குகளில் 29 அவருக்கு விழுந்தன. வெற்றி தோல்விக் கணக்கை வைத்து வீச்சாளரை அளப்பதை நிபுணர்கள் அதற்குள் கைவிட்டிருந்தார்கள். ஆந்தனி யங் 2017-இல் 51 வயதில் இறந்துபோயிருந்தார்.

விலைச்சீட்டு

2004 ஜூலை 30 அன்று மெட்ஸ் தன் முதல் சுற்றுத் தேர்வான 20 வயது ஸ்காட் காஸ்மிரை டாம்பா பே அணிக்குக் கொடுத்து விக்டர் சம்பிரானோவை வாங்கியது. சம்பிரானோ அப்போது அமெரிக்கன் லீகிலேயே அதிகம் பேரை நடத்தி அனுப்பிக்கொண்டிருந்த வீச்சாளர். அவருடைய வீச்சுமுறையைத் திருத்திவிடலாம் என்று அணி நம்பியது. மூன்று ஆட்டங்களில் முழங்கை வலி வந்து அந்த ஆண்டு முடிந்தது. 2006 மே மாதம் ஒரு மட்டையாளரை ஸ்ட்ரைக் அவுட் செய்த கையோடு, கையைப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து ஓடியே வெளியேறினார். மெட்ஸுக்காக அவர் வென்றவை 10 ஆட்டங்கள். காஸ்மிர் 2007-இல் அமெரிக்கன் லீகிலேயே அதிகம் பேரை, 239 பேரை, ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 2008-இல் டாம்பா பேயை வேர்ல்டு சீரிஸ்வரை கொண்டுசென்ற வீச்சாளர்களில் ஒருவராக இருந்தார். சம்பிரானோ எப்படி வந்தாரோ அப்படியேதான் வீசினார். மாறுவார் என்று தவறாகக் கணித்தது வாங்கியவர்கள்.

ஆலிவர் பெரெஸின் வழக்கு இவ்வளவு எளிதில்லை. 2006 அக்டோபரில், நேஷனல் லீக் பட்டத்தை முடிவுசெய்யும் ஏழாவது ஆட்டத்தில் மெட்ஸுக்காக ஆறு இன்னிங்ஸ் நெஞ்சை நிமிர்த்தி வீசியவர் அவர். அந்த ஆட்டம் கடைசியில் செயின்ட் லூயிஸிடம் பறிபோனது. வெற்றியைப் பூட்டியவர் ஆடம் வெயின்ரைட் என்ற இளைஞர்; காயப்பட்டிருந்த இஸ்ரிங்ஹாசனின் இடத்தில் நின்றவர். பெரெஸ் 2007-இல் 15 ஆட்டங்களை வென்றார். அந்த நம்பிக்கையில் 2009-இல் மூன்று ஆண்டுக்கு 3.6 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அடுத்த இரு சீசன்களில் 3 வெற்றி, 9 தோல்வி. 2010-இல் மைனர் லீகுக்குப் போய்த் திருத்திக்கொள்ளும்படி அணி கேட்டது. ஒப்பந்தம் தந்த உரிமையைக் காட்டி மறுத்துவிட்டார். மேலாளர் அவரை ஓரமாக உட்காரவைத்தார். சீசனின் கடைசி நாளில், 14-வது இன்னிங்ஸில் இறக்கினார்கள். ஒருவர் மேல் பந்தை அடித்து, மூன்று பேரை நடத்தி அனுப்பி, வெற்றி ரன்னைத் தாமே எதிரணியின் கையில் கொடுத்தார்.

அந்த மறுப்பு சட்டப்படி அவருடைய உரிமை. ஆட்டக்காரராக அது அவருடைய தவறும்கூட என்றே நினைக்கிறேன். 2011-இல் வேறொரு அணியில் மைனர் லீகுக்கே இறங்கிப் போய், ஒன்றிரண்டு இடக்கை மட்டையாளர்களை மட்டும் எதிர்கொள்ளும் வீச்சாளராகத் தம்மை மாற்றிக்கொண்டு, 2022 வரை பெரிய லீகில் வீசினார். மெட்ஸ் கேட்டபோது செய்ய மறுத்ததைப் பிறகு செய்து காட்டினார். பட்டியலில் உள்ளவர்களில், தம் பெயருக்கு எதிரே உள்ள குறியில் கணிசமான பங்கைத் தாமே போட்டுக்கொண்டவர் என்று இவரைச் சொல்லலாம்.

ஒரே நாளில் பட்டியலில் ஏறியவர்களும் உண்டு. கென்னி ரோஜர்ஸ் 1999 லீக் இறுதியின் ஆறாவது ஆட்டத்தில், 11-வது இன்னிங்ஸில், எல்லா பேஸ்களும் நிறைந்திருந்தபோது நான்கு பந்தை வெளியே போட்டு சீசனை முடித்துவைத்தார். டாம் கிளாவின் 2007-இல் மெட்ஸ் சட்டையில்தான் தம் 300-வது வெற்றியை எடுத்தார். எட்டு வாரத்துக்குள், பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுகளில் நுழையும் வாய்ப்பு தொங்கிக்கொண்டிருந்த கடைசி நாளில், ஒரே ஒருவரை வெளியேற்றி 7 ரன் கொடுத்தார். அதற்கு முன்பே அந்த அணி 17 ஆட்டங்கள் மிச்சமிருக்க 7 ஆட்ட முன்னிலையைக் கரைத்திருந்தது. மூன்று வாரச் சரிவுக்கு ஓர் ஆளின் முகம் தேவைப்பட்டது. கடைசி நாளில் மேட்டில் நின்றவர் கிடைத்தார்.

மேட் ஹார்வி

பட்டியலிலேயே மிகச் சிக்கலானவர் ஹார்வி. 2012 ஜூலையில் முதல் ஆட்டத்தில் 11 ஸ்ட்ரைக் அவுட்கள். அடுத்த ஆண்டு மெட்ஸின் சொந்த மைதானத்தில் நடந்த ஆல்ஸ்டார் ஆட்டத்தைத் தொடங்கியவரும் அவர்தான். ஆகஸ்டில் முழங்கைத் தசைநார் கிழிந்தது. 2014 முழுவதும் இல்லை. 2015-இல் திரும்பி 13 வெற்றி, சராசரி 2.71. அந்த செப்டம்பரில், சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஆண்டு என்பதால் 180 இன்னிங்ஸோடு நிறுத்த வேண்டும் என்று அவருடைய முகவர் ஸ்காட் போராஸ் பேச, ரசிகர்கள் ஹார்வியைச் சுயநலக்காரர் என்று ஏசினார்கள்.

அவர் நிறுத்தவில்லை. வேர்ல்டு சீரிஸின் ஐந்தாவது ஆட்டத்தில், நவம்பர் 1 அன்று, கான்சஸ் சிட்டிக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி முடித்தபோது 100 பந்துகளைத் தாண்டியிருந்தார். மெட்ஸ் 2-0 முன்னிலை. மாற்று வீச்சாளர் தயாராக இருந்தார். போதும் என்று மேலாளர் டெரி காலின்ஸ் சொல்ல, ஹார்வி வீரர்கள் அமரும் இடத்திலேயே அவரிடம் போய் வாதாடினார். அரங்கமே அவர் பெயரைக் கூவிக்கொண்டிருந்தது. காலின்ஸ் இணங்கினார். ஒன்பதாவது இன்னிங்ஸில் முதல் ஆளை நடத்தி அனுப்பினார், அடுத்தவர் அடித்தார். ஆட்டம் சமனாகி, 12-வது இன்னிங்ஸில் 7-2 என்று கைநழுவியது, கோப்பையும் போயிற்று. அந்த ஆண்டு அவர் வீசியது மொத்தம் 216 இன்னிங்ஸ்.

2016-இல் தோள் அருகே நரம்பும் ரத்தக்குழாயும் நெருக்குண்டதால் ஒரு விலா எலும்பை அகற்றினார்கள். 2017-இல் சராசரி 6.70, ஒழுங்கு மீறலுக்காக மூன்று ஆட்டத் தடையும் வந்தது. 2018 மேயில் மைனர் லீகுக்குப் போக மறுத்ததால் அணி அவரை விட்டது. மெட்ஸுக்காக மொத்தம் 34 வெற்றி, 37 தோல்வி. வீசமாட்டேன் என்றபோது ஏசிய கூட்டம்தான், ஒன்பதாவது இன்னிங்ஸும் வீசு என்று கூவியது. அந்த இரவின் முடிவில் ஹார்வியின் பிடிவாதத்துக்கும் பங்கு உண்டு, காலின்ஸின் இளகிய மனத்துக்கும் பங்கு உண்டு. 2015-இன் 216 இன்னிங்ஸுக்கும் அடுத்த ஆண்டு நோய்க்கும் நேரடித் தொடர்பு உண்டா என்பதை உறுதியாக நிறுவ வழியில்லை.

ஏனெனில் எதிர்த்திசை அனுபவமும் இருக்கிறது. வாஷிங்டன் நேஷனல்ஸ் 2012-இல் தன் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கை 159 இன்னிங்ஸோடு நிறுத்தி, பிளேஆஃபில் அவரில்லாமல் ஆடித் தோற்றது. 2019-இல் அவர் வேர்ல்டு சீரிஸின் சிறந்த வீரரானார். காத்திருந்தது பலித்தது என்றார்கள். அந்தக் கையோடு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். பிறகு எட்டே ஆட்டங்கள் வீசினார். ஒரே ஆண்டில் 30 இன்னிங்ஸுக்கு மேல் கூட்டினால் இளம் கை பழுதாகும் என்று பத்திரிகையாளர் டாம் வெர்டூச்சி முன்வைத்த விதி பல ஆண்டுகள் பிரபலமாக இருந்தது. பின்வந்த புள்ளியியல் ஆய்வுகள் அதற்கு ஆதாரம் காணவில்லை. மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட காய ஆய்வறிக்கை, அளவுக்கு மீறிய வேகத்தையும், ஒவ்வொரு பந்தையும் முழுவிசையில் வீசும் பழக்கத்தையும் முதன்மைக் காரணங்களாகச் சொன்னது. இன்னிங்ஸ் குறைந்த காலத்தில்தான் முழங்கை அறுவைகள் பெருகியிருக்கின்றன. குறைவாக வீசச் சொன்ன அணிகள், ஒவ்வொரு பந்தையும் இன்னும் வேகமாக வீசச் சொன்னன.

யாரை எழுதுவது

இத்தனைக்குப் பிறகும் ரசிகர் பட்டியல் போடுவதை நிறுத்தப்போவதில்லை, நிறுத்தவும் வேண்டாம். ஒரு பெயரை எழுதும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் போதும். எதிர்பார்ப்பை முதலில் விற்றது யார்? வீச்சாளர் மேல் எவ்வளவு சுமை ஏறியது, அதை முடிவு செய்தது யார்? அவரை அளந்த எண் அவருடைய வீச்சைத்தான் அளந்ததா?

மூன்றாவது கேள்வியில் ஆந்தனி யங் பட்டியலிலிருந்தே வெளியேறிவிடுகிறார். முதல் கேள்வியில் சம்பிரானோ போய்விடுகிறார். அவரிடத்தில் அவரை வாங்கியவர்கள் பெயர்தான் வர வேண்டும். பெரெஸும் ஹார்வியும் பாதிப் பங்கோடு நிற்பார்கள். பல்சிஃபர், வில்சன், இஸ்ரிங்ஹாசன் மூவருக்கும் இரண்டாவது கேள்வியின் விடை ஒன்றுதான்: 20, 21, 22 வயது இளைஞர்கள் எத்தனை இன்னிங்ஸ் வீசுவது என்று தாங்களே தீர்மானிப்பதில்லை. அன்றைய அறிவு அவ்வளவுதான் என்று அணியின் சார்பில் வாதாடலாம். ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் அன்றைய அறிவின்படியே பார்த்தாலும், பெரிய லீகில் தங்களை இன்னும் நிரூபிக்காதவர்களைத் தலைமுறை என்று பெயரிட்டு டிக்கெட் விற்கச் சொன்னது அறிவியல் இல்லை, காலியான அரங்கு. மெட்ஸ் வரலாற்றின் மிக ஏமாற்றமான வீச்சாளர் என்று ஒரு பெயரை எழுதியே தீர வேண்டுமென்றால், அந்தக் கட்டத்தில் 1995-ஆம் ஆண்டு மெட்ஸ் நிர்வாகத்தை எழுதுவதே நியாயம்.